வாங்கறதுக்கு ஒரு ஆளு

ஏனுங்க அம்மிணி, நீங்கதானுங்களே முந்தாநாளு கேண்டீன்ல என்ற பின்னால நின்னவிங்க? பச்சைச் சுங்குடி கட்டியிருந்தீங்க. காப்பிக்குக் காசு குடுத்தீங்களே, நாந்தாங்க அது. இப்படி உக்காந்துக்கட்டுங்களா? உங்களைத்தான் ரெண்டு நாளா வராந்தா வராந்தாவாத் தேடிக்கிட்டிருக்கேன். உங்க போனைச் சித்தக் குடுங்க, அந்தக் காப்பிக் காசை ஏத்தி உட்டர்றேன்.

வேண்டாங்களா?

பாருங்க, நீங்களும் அதையேதான் சொல்றீங்க. ஒருத்தருகிட்டக் கேட்டு அவிக இல்லீன்னு சொன்னாத் தாங்கிக்கலாமுங்க. நாமளா ஒண்ணை நீட்டி, இந்தாங்க வெச்சுக்கங்கன்னு சொல்லி, அதை வேண்டாங்கறாங்க பாருங்க, அதுதாங்க நெஞ்சைப் புடிக்குது.

எங்கூட்டுக்காரரைக் காத்தாலயே உள்ள கொண்டுபோயிட்டாங்க. அந்தச் செவப்பு லைட்டு எரியற கதவுக்குள்ளதான் இருக்கறாரு. ரெத்தக்கொழாய் மூணும் அடைச்சுப்போச்சாம். நெஞ்சைத் தொறந்து பண்ணோணுமாம். உங்குளுக்கு யாருங்க? மாமனாருங்களா? கிட்னியில கல்லா? கல்லுன்னாப் பயமில்லீங்க, எடுத்துப்போட்டு அனுப்பிருவாங்க.

எங்குளுக்குத் தாராபுரமுங்க. உடுமலை ரோட்டுல சின்னதா ஒரு மெஸ்ஸு. என்ற பேரு துளசிமணி, ஆனா அந்த ரோட்டுல மெஸ்ஸக்கான்னு கேட்டாத்தான் தெரியும். அவரு அடுப்பு, நான் கல்லா. காத்தால இட்லி, மத்தியானம் சாப்பாடு, சாயந்தரம் பரோட்டா. புள்ளை குட்டி இல்லீங்க. அவருக்கு நானு, எனக்கு அவரு, ரெண்டு பேருத்துக்கும் அந்த அடுப்பு.

அப்பத்தாங்க மோகன்ராஜுன்னு ஒரு தம்பி சாப்பிட வர ஆரம்பிச்சான். பல்லடத்துப் பையன். வெள்ளைச் சட்டை, கையில பெரிய போனு. எலையை அவனே எடுத்துப்போடுவான். "அக்கா, ரசம் அமிர்தம்"ம்பான். இத்தனை வருசத்துல என்ற ரசத்தைப் பத்தி ஒருத்தன் வாயத் தொறந்ததில்லை பாத்துக்கங்க. எங்கூட்டுக்காரரு உப்பு பத்தலைன்னாத்தான் வாயத் தொறப்பாரு.

அந்தத் தம்பிதான் தாரகையைக் கொண்டாந்தான். தாரகை காயினு. கையில புடிக்க முடியாது, பையில போட முடியாது, எல்லாம் போன்லதான். நட்சத்திரம் மாதிரி ஒரு படம் சுத்தும், அதுக்குப் பக்கத்துல நம்பரு. நான் கேட்டேனுங்க. கேக்காம ஒண்ணும் காசு போடலை. "ஏந்தம்பி, கண்ணுல காண முடியாத காசுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?"னு நல்லாத்தான் கேட்டேன்.

"அக்கா, உங்க கல்லாவுல இருந்து ஒரு நூறு ரூபா நோட்டை எடுங்க"ன்னான். எடுத்தேன். "இது என்ன?"ன்னான். நோட்டுன்னேன். "காயிதம்க்கா. உங்க செவுத்துல தொங்குதே காலண்டரு, அது இதைவிட நல்ல காயிதம். அதைக் கிழிச்சுக் குடுத்தா நீங்க ரெண்டு தோசை குடுப்பீங்களா? இதுக்குக் குடுக்கறீங்க. ஏன்? அரிசி மண்டிக்காரரு இதை வாங்குவாருங்கற தைரியம். அவரு ஏன் வாங்கறாரு? மில்லுக்காரரு வாங்குவாருங்கற தைரியம். ஒருத்தரை நம்பி ஒருத்தரு கை நீட்டறதுதான்க்கா காசு. நீட்டற கைக்குப் பேருதான் மதிப்பு"ன்னான்.

எனக்கு அது அப்படியே மனசுல உக்காந்துருச்சுங்க. பரோட்டா மாவை அடிச்சுக்கிட்டிருந்த இவருதான் திரும்பாமயே கேட்டாரு: "தம்பி, நோட்டுக்குப் பின்னாடி கவர்மெண்டு நிக்குது. நாளைக்கு வரி கட்டறதுன்னாலும் அவன் அந்த நோட்டைத்தான் கேப்பான். உன்ற நட்சத்திரத்துக்குப் பின்னாடி யாரு நிக்கறா?"

அந்தத் தம்பி சிரிச்சான். "அண்ணா, இதுக்குப் பின்னாடி அக்கா நிக்கறாங்க"ன்னான்.

மேலெல்லாம் சிலுத்துப்போச்சுங்க எனக்கு. ஒன்பதாவதோட நின்னவ நான். ரேசன் கடையில, பேங்கில, எங்க போனாலும் வரிசையில யாரு பின்னாலயாவது நின்னே பழகுனவ. ஒரு காசுக்குப் பின்னாடி நான் நிக்கறேனாம். நான் நின்னா அது நிக்குமாம். நீங்களே சொல்லுங்க, உங்குளுக்கும் சிலுத்திருக்கும்.

சீட்டுக் காசைப் போட்டேன். அப்புறம் வளையலு. அப்புறம் அவருக்குத் தெரியாம அட்டியலு. அவருக்குத் தெரியாமன்னு சொல்றேன், அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

ஆனா ஒண்ணு சொல்றேனுங்க. ஏமாந்தவங்க கதையின்னு நெனைச்சுக்காதீங்க. அது நெசமாலுமே நடந்துச்சு! எங்க ரோட்டுல நான்தான் மொதல்ல போர்டு மாட்டுனேன், "இங்கு தாரகை வாங்கப்படும்"னு. என்னைப் பாத்து மருந்துக்கடை ரங்கநாதன் மாட்டுனாரு. அரிசி மண்டிக்காரரு மாட்டுனாரு. எதுத்தாப்புல பூக்கடை போட்டிருக்கறா பேபின்னு ஒருத்தி. புருசன் இல்லாதவ, ஒத்தைப் பொண்ணை வெச்சுக்கிட்டு முழம் போட்டுப் பொழைக்கறவ. அவ போர்டு மாட்ட எடமில்லாம வண்டிக்குடையில அட்டையக் கட்டித் தொங்கவிட்டா. "அக்கா சொன்னாச் சரி"ன்னுட்டு சிறுவாட்டுக் காசு பூராவும் போட்டா.

நான் மண்டியில தாரகை குடுத்து அரிசி எடுப்பேன். மண்டிக்காரரு வீட்டம்மா அதே தாரகையைக் குடுத்து மருந்து வாங்கும். ரங்கநாதன் எங்கிட்ட மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு அதைக் குடுப்பாரு. பேபி ரெண்டு இட்லிக்குத் தாரகை குடுப்பா, நான் கடைச் சாமி படத்துக்கு அவகிட்டத் தாரகையில பூ வாங்குவேன். ஒரு நோட்டு கையில தொடாம அந்த ரோடு ஓடுச்சுங்க! அது காசு இல்லீன்னா வேற எதுங்க காசு? போன்ல வெலை ஏறிக்கிட்டே இருக்கும். இட்லிப் பானையைத் தூக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பேன். பாத்தா அன்னிக்குக் கால் வலி தெரியாது.

அதைக் கெடுத்தது யாருன்னு கேக்கறீங்களா? ரங்கநாதன். மருந்துக்கடை ரங்கநாதன். அவருதான் எல்லாத்துக்கும் மூலகாரணம். சொல்றேன் கேளுங்க.

பேபியோட பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டா. சீரு வெக்கோணும். ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சாப்பாடு போடோணும். பேபி மத்தியானம் கூட்ட நேரத்துல வந்தா, சிரிச்ச மொகமா. "அக்கா, உங்க மெஸ்ஸுலதான் சாப்பாடு சொல்லப் போறேன். வடை பாயாசத்தோட. இதுக்குன்னே தாரகை சேத்து வெச்சிருக்கேன்"னா. அன்னிக்குன்னு பாத்து கேஸுக்காரன் வாசல்ல நின்னுக்கிட்டு ரூபாய்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். சந்தையில காய்க்காரிகளுக்குத் தாரகைன்னா என்னன்னே தெரியாது. என்ற போன்லயோ தாரகை குமிஞ்சு கெடக்குது. அதனால சொன்னேன், "பேபி, எங்கிட்டத் தாரகை நெறைய ஆயிப்போச்சு. இதுக்கு மட்டும் ரூபாயாக் குடுத்துரு சாமி"ன்னேன். அவ போனைத் தொறந்து தாரகையைக் காட்டுனா. "பாதியாவது ரூபாயாக் குடு"ன்னேன். போனை மடியில சொருகிக்கிட்டு, "சரிங்க்கா"ன்னுட்டுப் போயிட்டா. அது ஒண்ணும் பெரிய விசயமில்லீங்க. அது ஏவாரம். கேஸு இல்லாம எப்படிச் சோறாக்கறது?

நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த நேரத்துல முன்மேசையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு ரங்கநாதன். மோருகூட ஊத்திக்காம எந்திரிச்சுப் போனாரு. சாயந்தரம் பாக்கறேன், கடையில போர்டு இல்லை! போயிக் கேட்டேன். "இல்லக்கா, கொஞ்ச நாளைக்கு ரூபாயாவே வாங்கிக்கலாம்னு"ன்னு இழுக்கறாரு. எனக்கு வந்ததே கோவம். "நீங்க ஒருத்தரு போர்டைக் கழட்டுனா ஊரு என்னங்க நெனைக்கும்? நம்பித்தானே எல்லாரும் கை நீட்டறாங்க? ஒரு கை மடங்குச்சுன்னா எல்லாக் கையும் மடங்கிராதா?"ன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டேன். அவரு என்ன நெனைச்சாரோ, என்ற மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. குத்தமுள்ள மனசு.

நான் சொன்ன மாதிரியேதான் ஆச்சு. அடுத்தநாள் மண்டியில போர்டு இல்லை. அப்புறம் ஒண்ணொண்ணா எறங்கிருச்சு. பேபி குடையில கட்டுன அட்டை மட்டும் மழையில நனைஞ்சு தொங்கிக்கிட்டே கெடந்துச்சு, எழுத்தெல்லாம் வழிஞ்சு. சீரை அவ வீட்டு வாசல்லயே பொங்கலும் கேசரியும் கிண்டி முடிச்சுக்கிட்டா. நானும் போனேன். போகாம இருப்பனா? "சீரைத் தாரகையில வெச்சர்றேன்"னு சொன்னேன். "அப்புறம் ஏத்திக்கலாங்க்கா, மொதல்ல சாப்புடுங்க"ன்னா.

மோகன்ராஜைப் புடிச்சேன். "அக்கா, இப்ப விக்கறவிங்கதான் ஏமாளிங்க. கெட்டியாப் புடிச்சுக்கங்க"ன்னான். சரின்னு புடிச்சுக்கிட்டேன். அப்புறம் அவன் போன் எடுக்கலை. அப்புறம் அந்த நம்பரே இல்லீன்னுட்டாங்க. பல்லடம் போயி வீட்டைத் தேடுனா, வாடகைக்கு இருந்தவரு காலி பண்ணிப்போட்டுப் போயிட்டாருங்கறாங்க. ஆனா அதிசயத்தைக் கேளுங்க அம்மிணி, போன்ல வெலை மட்டும் ஏறிக்கிட்டே இருக்குது! ஊருல ஒருத்தரும் வாங்கறதில்லை, வெலை மட்டும் ஏறுது. ரூபாயா மாத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்குதுல்ல, அது மட்டும் மங்கிப்போயிருக்குது, அமுத்துனா அமுங்கறதில்லை. சரி பண்ணிக்கிட்டிருக்காங்களாம். கம்பெனியில இருந்து செய்தி வந்திருந்துச்சு.

இப்படி இருக்கையிலதான் இவரு அடுப்புகிட்டயே சாஞ்சாரு. பரோட்டாக் கல்லுல கை படாம நான் ஓடிப் புடிச்சேன். எங்கூர் டாக்டரு பாத்துப்போட்டு, "உடனே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போங்க, அது வரைக்கும் இந்த மாத்திரையை நிறுத்தாதீங்க"ன்னாரு. கூட்டிட்டுப் போறதுன்னா சும்மாவா? காப்பீட்டுக் கார்டுல ஒரு பங்குதான் போகும், மிச்சத்தை நாமதான் கட்டோணுமாம். கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில சேத்தலாம்னா, அங்க வரிசையில காத்திருக்கற அளவுக்கு இவரு நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.

மொதல்ல மண்டிக்காரரு கிட்டப் போனேன். "அண்ணா, போன்ல காட்டற வெலையில பாதி குடுங்க. பாதியில பாதி குடுங்க. அவரு உசுருங்க"ன்னேன். அவரு தன்ற போனை எடுத்து எங்கிட்டக் காட்டுனாரு. என்னைவிட நெறைய இருந்துச்சுங்க அதுல. "இதை நீ வாங்கிக்கறியாம்மா? நீ சொல்ற வெலைக்கே தர்றேன்"னாரு. "எனக்கெதுக்குங்கண்ணா இது?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கற மாதிரி பண்ணுனாரு, சிரிப்பு வரலை. ஈவு இரக்கமில்லாத மனுசன்.

அப்புறம் ரங்கநாதன் கடைக்கே போனேன். என்ற மானத்தையெல்லாம் மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டுப் போனேன். மாத்திரை தீந்துபோயிருந்துச்சு. "மாத்திரை குடுங்க, தாரகையை எடுத்துக்கங்க"ன்னேன். அவரு மாத்திரையை எடுத்துக் கவர்ல போட்டு, "அக்கா, இந்தாங்க. காசெல்லாம் வேண்டாம். அண்ணனுக்கு நல்லாகட்டும்"னாரு.

சும்மாங்க! சும்மா குடுக்கறாராம்! அம்மிணி, அவரு தாரகையை வாங்கிக்கிட்டுக் குடுத்திருந்தா அது மாத்திரைக்கு வெலை. சும்மா குடுத்தா என்னங்க அர்த்தம்? என்ற போன்ல இருக்கறது குப்பைன்னு நடுக்கடையில வெச்சுச் சொல்றதுதானே அர்த்தம்? "வாங்கிக்கிட்டாக் குடுங்க, இல்லீன்னா வேண்டாம்"னுட்டேன். "அக்கா, வெளையாடாதீங்க, மாத்திரையை எடுத்துட்டுப் போங்க"ன்னு பின்னாலயே வாசல் வரைக்கும் வந்தாரு. நான் திரும்பிப் பாக்கலை. அன்னிக்கு மாத்திரை தப்பிப்போச்சுங்க. மறுநாளு இவருக்கு மூச்சு ஏறி எறங்குது, ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சு. ஒரே ஒரு வார்த்தை, "சரி, ஏத்தி உடுங்க"ன்னு ரங்கநாதன் சொல்லியிருந்தா இந்த மனுசன் இந்தளவுக்கு ஆகியிருப்பாராங்க? நீங்களே சொல்லுங்க.

எப்படியோ வண்டி புடிச்சு இங்க வந்து சேந்தோம். அட்மிசன் போட்டாச்சு. காசு கட்டுனாத்தான் ஆப்பரேசனுக்குத் தேதி. நான் கவுண்டர்ல கேட்டேன், மேனேஜரைக் கேட்டேன், வாசல்ல நிக்கற செக்யூரிட்டி வரைக்கும் கேட்டேனுங்க. "பாருங்க, நம்பரைப் பாருங்க, இதுல நாலு ஆப்பரேசன் பண்ணலாம்"னு போனை நீட்டிக்கிட்டே அலைஞ்சேன். ஒரு சின்ன டாக்டரு நின்னு பொறுமையாப் பாத்தாரு. பாத்துப்போட்டு, "அம்மா, வெலைங்கறது எழுதிக் காட்டறது இல்லை. ஒருத்தன் வாங்கறது"ன்னாரு. "அதைத்தாங்க நானும் ஊரெல்லாம் சொல்றேன்!"ன்னேன். அவரு போயிட்டாரு.

முந்தாநாளு அதைக் கொண்டுபோயி இவருகிட்டயும் காட்டுனேன். "பாருங்க, எவ்வளவு இருக்குதுன்னு. பயப்படாதீங்க"ன்னேன். மூக்குல கொழாயை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அந்த நம்பரைப் பாத்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு: "துளசி, அந்தக் காசுல எனக்கு ஒரு காப்பி வாங்கிட்டு வா."

சந்தோசமாப் போச்சுங்க எனக்கு. தாரகை வந்த நாள்ல இருந்து ஒருக்காலும் அதை அவரு காசுன்னு சொன்னதில்லை. அன்னிக்குத்தான் சொன்னாரு. ஓடியாந்தேன் கேண்டீனுக்கு. அங்கதான் உங்களைப் பாத்தது. கல்லாவுல இருந்த ஆளு, "போன்ல போடறீங்களா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். காப்பியும் ஊத்தி வெச்சுட்டான். நான் தாரகையைத் தொறக்கறேன், அவன் அது இல்லம்மாங்கறான். இதுவும் போனுதானேங்கறேன், நகரும்மாங்கறான். பின்னால அத்தனை பேரு. ஒரு காப்பிக்குங்க அம்மிணி. ஊருக்கே சோறு போட்ட கை. நீங்க காசை வெச்சுட்டு டம்ளரை என்ற கையில குடுத்தீங்க. நான் கொண்டுபோயி அவருகிட்டக் குடுத்தேன். "தாரகையில வாங்குனதா?"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். குடிச்சுப்போட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. "என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு துளசி"ன்னாரு.

அதுக்கப்புறம் இந்தத் தூணுக்குப் பின்னாடி வந்து உக்காந்தேனுங்க. யாருகிட்டப் போறதுன்னு யோசிச்சா, ஒரு மொகமும் மிச்சமில்லை. எல்லா வாசல்லயும் சத்தம் போட்டு முடிச்சாச்சு. அவரைக் கூட்டிட்டுப் போயிட்டா ஊட்டுல வெச்சு என்ன பண்றது? அடுப்பை மூட்டுனா அவரு எந்திரிச்சு வந்துருவாரு. மூட்டலைன்னா ரெண்டு பேருத்துக்கும் சோறில்லை. போனைத் தூக்கித் தரையில அடிச்சரலாம்னு ஓங்குனேன். அடிச்சுட்டா அப்புறம் எங்கிட்ட என்னங்க இருக்குது? அணைச்சு மடியில வெச்சுக்கிட்டேன்.

நேத்து உச்சிவெயிலு. வார்டு வாசல்ல பேபி நிக்கறா. தாராபுரத்துல இருந்து பஸ்ஸு மாறி மாறி வந்திருக்கா. கையில ஒரு ஒயர்க்கூடை. எனக்கு அவளைப் பாத்ததும், சீருக்கு வெக்கறேன்னு சொன்ன தாரகையைக் கேக்க வந்துட்டாளோன்னுதான் தோணுச்சு. அவ உள்ள வந்து இவரு கால்மாட்டுல உக்காந்தா. அப்புறம் எங்கிட்டக் கேட்டா: "அக்கா, தாரகை இப்ப என்ன வெலை போகுது?"

நான் எடுத்துக் காட்டுனேன்.

"நான் வாங்கிக்கறேங்க்கா"ன்னா.

"என்ன சொல்றே?"ன்னேன். "உங்க தாரகையை நான் வாங்கிக்கறேன். ரூபா கொண்டாந்திருக்கேன்"னு கூடையில இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தா. மேல பூரா பத்தும் இருபதும், பூ வித்த காசு, மல்லிகை வாசம் அடிக்குது. அடியில ஐநூறு ரூபாக் கட்டு ஒண்ணு, பேங்குச் சீட்டுச் சுத்துன புதுக்கட்டு. எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கலை. ஏவாரத்துல அதெல்லாம் கேக்கக் கூடாது. நல்லா முடிஞ்சு வெச்சிருந்திருக்கறா, அவ்வளவுதான். காதுல கழுத்துல ஒண்ணுமில்லாம வந்திருந்தா. பஸ்ஸுக் கூட்டத்துல திருட்டுப் பயத்துக்குக் கழட்டி வெச்சுட்டு வந்திருப்பா, வெவரமானவ.

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன், "பேபி, வெலைப்படி பாத்தா இந்தக் காசுக்குக் கொஞ்சந்தான் வரும்"னு. அவ தலையைத் தலையை ஆட்டுனா. "எவ்வளவு வருதோ அவ்வளவு குடுங்க்கா." எனக்கும் மனசாட்சி இருக்குதுல்லங்க? அவ பாவம், தாயும் பொண்ணும். கூடப்போட்டுக் குடுத்தேன். ரெண்டு பங்கு குடுத்தேன். "உனக்காகத்தான் இந்த வெலை, வெளிய சொல்லிராத"ன்னேன். "சொல்லலைங்க்கா"ன்னா.

இவரு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு. "பாத்தீங்களா, ஒரு ஆளு வாங்கியாச்சு! ஒருத்தி வாங்குனா அது காசுங்க!"ன்னு அவருகிட்டச் சொன்னேன். அவருக்கு என்னாச்சோ தெரியலை, பேபியை ஒரு பார்வை பாத்தாரு, கையைத் தூக்கிக் கும்பிடற மாதிரி பண்ணுனாரு, அப்படியே செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. முதுகு குலுங்குது. வலியா இருக்கும்னு நர்ஸைக் கூப்பிட்டேன்.

"சரி, உன்ற போனைக் குடு, ஏத்தி உட்டர்றேன்"னேன். மடியில இருந்து எடுக்கறா பாருங்க, பட்டன் போனு! "பெரிய போனை அப்பவே குடுத்துட்டேங்க்கா, சீருக்கு அரிசி பருப்பு வாங்கையில"ன்னா. "அட கிறுக்கி, அப்ப நான் எதுல ஏத்தறது?"ன்னேன். "நீங்களே வெச்சிருங்க. வேணுங்கறப்பக் கேட்டுக்கறேன்"னுட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டா. சாயந்தரக் கடைக்குப் போகோணுமாம். வாங்குனவ வாங்குன பொருளைக் கையில புடிக்காமப் போறா. அவ்வளவு நம்பிக்கை என்ற மேல. இந்த நம்பிக்கையைத்தாங்க நான் ஊரெல்லாம் கேட்டது.

அந்தக் காசைக் கட்டுனேன். பத்தலை. மிச்சத்தைச் சீக்கிரம் கட்டீர்றேன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டுத் தேதி குடுத்தாங்க. மிச்சத்துக்கு இன்னொரு ஆளு வராமயா போயிருவாங்க? ஒருத்தி வந்துட்டாள்ல.

ஆனா ஒண்ணு உறுத்துதுங்க. உங்க காப்பிக் காசை ஏத்தறேன்னு சொன்னேனே தவிர, நேத்துச் சாயந்தரத்துல இருந்து தாரகை தொறக்கவே மாட்டேங்குது. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. இந்தக் கட்டடத்துக்குள்ள டவர் கெடைக்காது போல. உங்க போன்ல கெடைக்குதுங்களா? நல்லாக் கெடைக்குதா... அப்ப என்ற போன்லதான் ஏதோ கோளாறு. என்ற காசா இருந்தாப் பரவாயில்லீங்க. இப்ப இதுல ஒரு பங்கு அவளோடது. பொண்ணை வெச்சுக்கிட்டிருக்கறவ. நாளைக்கு வந்து கேட்டா நான் எதை எடுத்துக் குடுப்பேன்?

இருங்க, கதவு தொறக்குது. ஆமாங்க சிஸ்டர், சென்னியப்பனுக்கு அட்டெண்டர் நாந்தான், அவரு சம்சாரம். முடிஞ்சுதுங்களா? முடிஞ்சுருச்சா! நல்லா... சரிங்க. சரிங்க. கண்ணு முழிக்கட்டும்ங்கறீங்க. அதுக்குள்ள பாக்க முடியாதுங்களா, கண்ணாடி வழியாவாச்சும்? சரிங்க.

கேட்டீங்களா அம்மிணி? முடிஞ்சுருச்சாம். முழிச்சாத்தான் எதுவும் சொல்ல முடியுமாம். உங்க கையைக் கொஞ்சம் குடுங்க.

போனு அடிக்குது. பேபிதாங்க. ஐயோ, அதைக் கேக்கத்தான் கூப்பிடறா. என்னன்னு சொல்றது?

அலோ, பேபி. சொல்லு சாமி. ஆங்... இருக்குது, பத்திரமா இருக்குது. ஏறியிருக்குது பேபி. ஆமா, நல்லா ஏறியிருக்குது. நீ ஒண்ணும் கவலைப்படாத. என்ன? இல்லை, இன்னும் முழிக்கலை. இப்பத்தான் முடிஞ்சுதாம். முழிச்சதும் சொல்றேன். சரி. சரி, வெச்சர்றேன்.

ஒரு மாதிரி இருக்குதுங்க. தாரகை ஏறியிருக்குதுன்னு நானாச் சொல்றேன், அவ காதுலயே போட்டுக்கலை. "மாமா கண்ணு முழிச்சாரா, மாமா கண்ணு முழிச்சாரா"ன்னு அதையேதான் கேக்கறா. ஏனுங்க அம்மிணி, அவ்வளவு காசைக் கொண்டாந்து போட்டவ, எவ்வளவு ஏறியிருக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாளாங்க? நீங்களா இருந்தாக் கேப்பீங்கதானே?